வீட்டுக்கு ஒரு பெயர்

பச்சையம்மாளுக்குக் கோபம் வந்தால் மில் முழுக்கக் கேட்கும். சின்னசேலம் சாலையில் இருக்கிற எங்கள் ஜவ்வரிசி மில்லில் நான் எடைமேடை பார்க்கிறவன், அவள் ஆபீஸ் பார்க்கிறவள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அதனால் அவள் கம்ப்யூட்டரை என்னென்ன திட்டினாள் என்பது அவளுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும்.

அவள் ஊர் தியாகதுருகம். பிளஸ் டூ முடித்தவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு சீவ வந்தாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று முதலாளி வெங்கடேசன் ஆபீசில் உட்காரவைத்தார். அன்றிலிருந்து மில்லில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அவளிடம்தான் போவார்கள். அவளும் முதலில் நன்றாகத் திட்டிவிட்டு, அப்புறம் செய்துகொடுப்பாள். அந்தக் கைக்குழந்தை இப்போது கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறது.

ஆடிட்டர் சொன்னார் என்று முதலாளி சம்பளக் கணக்குக்கு ஆன்லைனில் ஒரு சாப்ட்வேர் வாங்கினார். வருகைப் பதிவு, சம்பளம், பி.எப்., அடிபட்டால் வைத்தியம் பார்க்கிற இ.எஸ்.ஐ. காப்பீடு எல்லாம் அதற்குள்ளேயே. கேட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு செல்போனை மாட்டினார்கள். உள்ளே வருகிறவர்கள் அதில் முகத்தைக் காட்ட வேண்டும். தெரிந்த முகம் என்றால் பச்சை, தெரியாத முகம் என்றால் சிவப்பு. லீவு போட்டால் ஏன் என்று கேட்கும், லேட்டாக வந்தால் ஏன் என்று கேட்கும். பச்சையம்மாள் அதற்கு ‘மாமியார்’ என்று பேர் வைத்தாள். “மாமியார் இன்னா சொல்றா?” என்று லாரி டிரைவர்கள்கூடக் கேட்கிற அளவுக்கு அந்தப் பேர் நிலைத்துவிட்டது. எனக்கு அந்தச் செல்போனைப் பார்த்தாலே எரிச்சல். எங்களை ஏற இறங்கப் பார்க்க ஒரு முதலாளி போதாதா?

அதனோடு ஒத்துப்போகாதவர்கள் மலைக்காரர்கள். கரியாலூர்ப் பக்கமிருந்து வந்து மில்லுக்குப் பின்னால் லைன் வீடுகளில் தங்கி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மில்லில் இருக்கிற இடம் ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். அக்காள் சாமை அறுக்க மலைக்குப் போனால் தங்கை இறங்கி வருவாள். தங்கை போனால் நாத்தனார் வருவாள். யார் வந்தாலும் பேர் மட்டும் மாறாது. முதலில் சேர்ந்தவளின் பேர் எதுவோ அதுதான் அந்த வீட்டுக்கு. மேஸ்திரி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், வந்திருக்கிறவள் “இருக்கேங்க” என்பாள். இது முதலாளியின் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. இதனால் யாரும் கெட்டுப்போனதில்லை.

பெரியம்மாள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பெரியம்மாளுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். அவள் மலைக்குப் போனபோது அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி இறங்கி வந்தாள். தமிழ்மொழி என்று பேர், சின்ன வயசு. செல்போனுக்கு முன்னால் நின்றாள், சிவப்பு எரிந்தது. பச்சையம்மாள் முதலாளியிடம் போய்ப் புதுப்பேர் ஏற்றட்டுமா என்று கேட்டாள்.

“இன்னிக்கு இவ வருவா, நாளைக்கு வேற ஒருத்தி வருவா. எத்தினி பேரத்தான் ஏத்திக்கினு இருப்ப?” என்றார் அவர்.

பெரியம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டால் அவளும் அதையேதான் சொன்னாள். “எங்க வூட்டுக்கு ஒரு எடம், ஒரு பேருதாங்க. ரெண்டு பேரா எழுதனா நான் திரும்பி வரும்போது எடம் இல்லம்பாங்க. அப்டியே வுட்டுடுங்க.”

முகம் ஒத்துப்போகாவிட்டால் கையால் வருகை போட ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் காரணம் கேட்கும். மாமியாரே நாலைந்து காரணம் எழுதி வைத்திருப்பாள், அதில் ஒன்றைத் தொட வேண்டும். பச்சையம்மாள் தினமும் ‘வெளிச்சம் போதவில்லை’ என்பதைத் தொட்டாள். ஜவ்வரிசி காய்கிற எங்கள் களத்தில் அடிக்கிற வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. அந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லையாம்! நான் சொல்லிச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். தமிழ்மொழி அறுவடை முடிந்து, விதைப்பு முடிந்து, அதற்கப்புறமும் பெரியம்மாளாகவே வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அரவை மிஷினில் கிழங்கு தள்ளும்போது அவளுடைய வலது கை உள்ளே போய்விட்டது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. மிஷின் பார்க்கிற பிட்டர் ஓடிப்போய் கரண்டை நிறுத்தினார். மேஸ்திரி “பெரியம்மா, பெரியம்மா” என்று கத்தினார். பச்சையம்மாள் தன் முந்தானையைக் கிழித்து அவள் கையைச் சுற்றினாள். முதலாளியின் காரை நான்தான் ஓட்டினேன். கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, “சீக்கிரமா சேலம் கொண்டு போங்க. இன்னும் தாமதமானா மணிக்கட்டோட எடுக்க வேண்டியிருக்கும்” என்றார்கள். காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொள்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பேரையும் அவர்களே சொன்னார்கள்.

போகும் வழியெல்லாம் முதலாளி பச்சையம்மாளோடு போனில் இருந்தார். “பெரியம்மாள்னே சேத்துடு. அட்டை அவ பேருலதான இருக்குது? வேற பேரு வாயிலேர்ந்து வந்துது, வைத்தியமும் நடக்காது, நாம எல்லாரும் கம்பி எண்ணணும்.” பச்சையம்மாள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவள் திட்டாதது எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்தவர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக் கேட்டார். “உம் பேரு என்னம்மா?”

மயக்கத்திலும் தமிழ்மொழி சொன்னாள். “பெரியம்மாளுங்க. இருக்கேங்க.”

காப்பீட்டில் வைத்தியம் தொடங்க வேண்டுமானால் அட்டைக்காரியின் செல்போனுக்கு ஓ.டி.பி. நம்பர் வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றார் அவர். அந்தச் செல்போன் கல்வராயன் மலையில், சாமைக் காட்டில், பெரியம்மாளின் இடுப்பில் இருந்தது. டவர் எட்டாத இடம். பச்சையம்மாள் திரும்பத் திரும்ப அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “என்ன, இன்னும் ஆகலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்ட்ரெச்சரில் கட்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பெரியம்மாளின் புருஷன் வேடியப்பன் கரியாலூரில் ஜீப் ஓட்டுகிறவர். கடைசியில் அவர் போன் கிடைத்தது. அவர் ஜீப்பைப் போட்டுவிட்டுக் காட்டுக்கு ஓடினார். அங்கே ஒரு பாறையின் மேல் ஏறி நின்றால் மட்டும் டவர் எடுக்கும். பெரியம்மாளை அதில் ஏற்றுவதற்குள் நம்பர் காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்லி பச்சையம்மாள் கவுண்டர்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். யாரையும் அவள் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

“ஏங்க, எந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சி? எதுக்குங்க நம்பரு?” என்று போனில் பெரியம்மாளின் குரல் மூச்சு வாங்கியது.

“அப்பறம் சொல்றேன். மொதல்ல படி. தப்பா படிச்சிடாத தாயி.”

அவள் படித்தாள், கவுண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. தமிழ்மொழியை உள்ளே கொண்டுபோனார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மிஞ்சின, மற்ற மூன்று விரல்களும் போய்விட்டன. பச்சையம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பெரியம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். தமிழ்மொழி லைன் வீட்டில் படுத்திருக்கிறாள், வீட்டு இடத்தில் யாராவது வேலை செய்ய வேண்டுமே. செல்போனுக்கு முன்னால் முகத்தைக் காட்டினாள். மாமியார் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கண்டுகொண்டு, ‘விபத்துச் சிகிச்சையில் இருப்பவர், வேலைக்கு அனுமதி இல்லை’ என்று சொல்லிவிட்டாள். இதற்குக் கையால் போடுகிற பட்டன் இல்லை. பச்சையம்மாள் எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தாள்.

“கை இருக்கறவளுக்கு வேல இல்ல. கை போனவளுக்குப் பேரு இல்ல. நாங்க இன்னாதான் பண்றது, நீயே சொல்லும்மா” என்றாள் பெரியம்மாள்.

அப்புறம் மருத்துவக் குழு முன்னால் வரும்படி பெரியம்மாளுக்குச் செய்தி வந்தது. எவ்வளவு ஊனம் என்று கையைப் பார்த்துச் சொல்வார்கள். அதை வைத்துத்தான் ஆயுசு முழுக்க மாதாமாதம் உதவித்தொகை. தமிழ்மொழிக்கு இனி இருக்கிற ஒரே பிடி அதுதான். கிழங்கு சீவவும் முடியாது, களை பறிக்கவும் முடியாது. பெரியம்மாள் போனால் முழுக் கையோடு நிற்பாள், தமிழ்மொழி போனால் வேறு முகத்தோடு நிற்பாள்.

“போவ வேணாம்னு சொல்லிடு. ஆஸ்பத்திரி செலவு காப்பீட்டுல முடிஞ்சிடுச்சி இல்ல, அதோட வுட்டுடுங்க” என்றார் முதலாளி. ஆடிட்டரும் அதுதான் புத்திசாலித்தனம் என்றார்.

அன்றைக்குப் பச்சையம்மாள் எடைமேடை அறைக்கு வந்து உட்கார்ந்தாள். “அமுக்குனது எல்லாம் என் பாஸ்வேர்டுல. கேஸ் போட்டா எம்மேலதான் போடுவாங்க. பொண்ணு படிப்பு முடியல. நான் இன்னா செய்யட்டும்?” என்று கேட்டாள்.

“பேசாம கம்முனு இரு” என்றேன். அப்போது எனக்குத் தோன்றியது அதுதான், சொன்னேன்.

“அந்தப் பொண்ணு தெனம் காலையில எங்கிட்ட வந்து, ‘இன்னிக்கும் போட்டுடுங்கக்கா’ன்னு சொல்லிட்டுப் போவும். நான் போட்டேன். இப்ப கம்முனு இருன்றியா?” என்று என் மேல் பாய்ந்தாள். பாய்ந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, பழைய பச்சையம்மாள் திரும்பி வந்தாள் என்று.

இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். மனசு கேட்காமல் நானும் போனேன். மருத்துவக் குழு அறை வாசலில் “பெரியம்மாள்!” என்று கூப்பிட்டார்கள். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பயந்து, இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

“யாரும்மா பெரியம்மாள்?” என்று டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“கை இவளுதுங்க. பேரு அவளுதுங்க. பட்டன் அமுக்குனது நான்” என்றாள் பச்சையம்மாள். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

டாக்டர் கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். “முகம் ஒத்துப்போகலைன்னு தினமும் காட்டியிருக்குமே. நீ என்ன காரணம் போட்டே?”

“வெளிச்சம் போதலன்னு போட்டேங்க.”

உதவித்தொகையை நிறுத்தி வைத்து, மில்லில் விசாரிக்க ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். அதற்குள் முதலாளி பச்சையம்மாளை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். மாமியாரின் பாஸ்வேர்டும் மாறிவிட்டது. ஆனாலும் விசாரணை அன்று அவள் வந்தாள், தமிழ்மொழியோடு கேட்டுக்கு வெளியே வேலமரத்தடியில் நின்றாள்.

அதிகாரி நல்ல மனிதர். “அந்தப் பொண்ணு நெஜமா இங்க வேலை செஞ்சிருந்தா அவ பேருலேயே வழி பண்ணலாம். கூட வேலை செஞ்சவங்க சொல்லணும், அவ்ளோதான்” என்றார். எனக்கு உயிர் வந்தது. ஒரு மில்லே சாட்சி இருக்கிறதே!

முதலாளி அப்படி யாரையும் தெரியாது என்றார். அது எதிர்பார்த்ததுதான். நான் காரில் கொண்டுபோனதைச் சொன்னேன், அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு கிழங்கு சீவுகிற உள்ளூர்ப் பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். “தமிழ்மொழின்னு ஒருத்தங்க இங்க வேலை செஞ்சாங்களா?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “தமிழ்மொழியா? அப்டி யாரும் இல்லீங்களே” என்றார்கள். முதலாளிக்குப் பயந்து சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. மேஸ்திரி கூப்பிடுகிற பேரைத் தவிர அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

பச்சையம்மாள் தமிழ்மொழியின் இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, “இவளத்தான்டி கேக்கறாரு! இவ யாரு? சொல்லுங்கடி!” என்று கத்தினாள்.

“பெரியம்மா” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். அவர் கிளம்பிப் போன பிறகும் யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த காசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தமிழ்மொழிக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த சோற்றில் பங்கு வாங்கித் தின்றவள்.

“கூடவே ஒக்காந்துகினு இருந்தேனே. உம் பேரு இன்னாடின்னு நான் ஒரு வாட்டி கேக்கலையே” என்றாள்.