பட்லருக்கு ஒரு குளோஸப்

“கேமரா என்னைப் பாக்காத எடத்துல ஒரே ஒரு வார்த்தை பேசினேன்னா, என்னைச் செருப்பால அடிங்கய்யா.”

1932இல், ஹாலிவுட் ஸ்டுடியோ உணவகம் ஒன்றில், பீன்ஸ் தட்டைத் தள்ளிவிட்டு லைமன் ப்ரெவிட் இந்த உலகப்பிரசித்தமான சபதத்தைச் செய்தார். சாட்சி, மூன்று துணை நடிகர்களும் ஒரு தட்டுக் கழுவுபவரும்.

காரணம் நியாயமானதே. ஒருவர் முகத்தை மட்டும் படம்பிடிக்கும்போது, எதிரில் நடிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொல்லவேண்டும். அது தொழில் மரியாதை. ப்ரெவிட் ஒரு கதாநாயகனுக்காக நாள் முழுக்க நின்று வசனம் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். அவர் முறை வந்ததும் கதாநாயகன் பல் வைத்தியரிடம் போய்விட்டான். அவன் உயரத்துக்கு ஒரு துடைப்பத்தை நிறுத்தினார்கள். ப்ரெவிட் துடைப்பத்திடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். வெளிவந்த படத்தில் அந்தக் காட்சியே இல்லை.

அன்றுமுதல் கோபம் அவருக்கு முழுநேர வேலை. நடிப்பு, ஓய்வு நேரத்தில்தான். மௌனப்படக் கதாநாயகன், பேசும்படத்தில் பட்லர் ஆகியிருந்தார். ஆறு வருடத்தில் இருபத்தெட்டு மாளிகைகளுக்குக் கதவு திறந்தார். திரையில் கை வரும், முகம் வராது. அதற்காகப் படத்தொகுப்பாளர்களையும் ஒளிப்பதிவாளர்களையும், கதவு செய்த தச்சர்களையும்கூட, தினம் காலைக் காபியோடு திட்டித் தீர்ப்பார்.

1938 மார்ச்சில் இருபத்தொன்பதாவது மாளிகை. வீட்டைவிட்டுப் போகும் மகன், தடுக்கும் தாய், வாசலில் பட்லர். மகனாக நடித்த நட்சத்திரம் ரோட்ரிக் வேன் தன் குளோஸப்புகள் முடிந்ததும் குதிரையேறிப் போலோ ஆடக் கிளம்பிவிட்டான். தாயாக நடித்த ஹெஸ்டர் கோல்பியின் முறைக்கு, காட்சிக் குறிப்பெழுதும் பெண் வசனம் வாசித்தாள். “அம்மா, நான் திரும்பி வரமாட்டேன்” என்பது அவள் வாயில் சலவைக் கணக்கு போல வந்தது. மூன்று டேக் வீண்.

உதவி இயக்குநர் கஸ், ப்ரெவிட்டின் காதருகே வந்தான்.

“யோகம் அடிச்சிருக்கு மிஸ்டர் ப்ரெவிட். அந்தம்மாவுக்கு இன்னும் ஒரே டேக். அழுகை வரலைன்னா கேமராவை உங்க பக்கம் திருப்பறோம். தாயோட துக்கத்தைப் பட்லர் மூஞ்சியில காட்டிக்கலாம்னு டைரக்டர் சொல்லிட்டார். போய்ப் பவுடர் போட்டுக்கங்க.”

பதினோரு வருடத்துக்குப் பின் திரையில் அவருக்கு ஒரு குளோஸப். ப்ரெவிட்டின் கை தானாகக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தது. கிழவி அழாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதைவிடச் சுலபமான பிரார்த்தனை ஹாலிவுட்டில் இல்லை.

பவுடர் அறைக்குப் போகும் வழியில் ஹெஸ்டர் உட்கார்ந்திருந்தாள்.

“அவன் எங்க போய்த் தொலைஞ்சான், லைமன்?”

“போலோ ஆட.”

“குதிரைக்கு முன்னாடியாவது நிப்பானா?”

“குதிரைக்கு ஒப்பந்தம் பெருசு. நிப்பான்.”

அவள் சிரிக்கவில்லை. “இந்த வருஷம் எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு சீன்தான். ஒரு பொண்ணு தாள் வாசிக்கிறதைப் பாத்து எப்படிய்யா அழறது?”

ப்ரெவிட்டுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. முதலில் வேன்மேல், பிறகு அவன் குதிரைமேல், பிறகு துடைப்பம் நிறுத்திய புண்ணியவான்மேல், கடைசியில் கழுத்துப்பட்டையைச் சரிசெய்த தன் கைமேல். பவுடர் அறைக் கதவை உதைத்துச் சாத்திவிட்டுத் திரும்பி நடந்தார்.

“அந்தத் தாளைக் குடும்மா. எந்திரி,” என்றார் குறிப்பெழுதும் பெண்ணிடம்.

“சார், பவுடர்...” என்றான் கஸ்.

“வாயை மூடு.”

விளக்குகள் எரிந்தன. ஹெஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, நான் திரும்பி வரமாட்டேன்,” என்றார் ப்ரெவிட். ஊர்மேல் இருந்த ஆத்திரம் முழுக்க அந்தக் குரலில் இருந்தது. கோபித்துக்கொண்டு போகும் மகனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. ஹெஸ்டரின் உதடு துடித்தது. கண் நிறைந்தது.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். மிச்சமிருந்த ஐந்து வசனங்களையும், கேமராவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தார்.