ஒரே கம்பியில் ஒரு தோட்டம்

இப்போது ஆபீஸ் போனை இன்டர்நெட்டோடு சேர்க்கக் கையடக்கமான ஒரு கேட்வே போதும். எண்பதுகளில் என் கேட்வே ஒரு மரப்பெட்டி. ஈப்போ நகரத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். அங்கே கைப்பிடியைச் சுற்றி மணியடிக்கும் பழைய போன்கள். ஆபீஸ், ஸ்டோர், ஆஸ்பத்திரி, தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எல்லாம் ஒரே கம்பியில். அந்தக் கம்பியை வெளி லைனோடு சேர்ப்பதுதான் என் வேலை.

நான் டெஸ்ட் செய்தால் குரல் கணீரென்று இருக்கும். தோட்டத்து மேனேஜர் வெளியே பேசினால் கொசுச் சத்தம். பேட்டரியை மாற்றினேன், காயிலை மாற்றினேன். அடுத்து என்னையே மாற்றப் போவதாக மேனேஜர் சொன்னார்.

"நாளைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போயிடு. ஒன் கம்பெனிக்கு நானே சொல்லிடுறேன்லா."

வேலையில் சேர்ந்த புதிது, இன்னும் நிரந்தரமாகவில்லை.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்ஸர் பதறிக்கொண்டு தாப்பா பெரிய ஆஸ்பத்திரிக்கு லைன் கேட்டார். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் செல்விக்குப் பிரசவத்தில் சிக்கல், ஆம்புலன்ஸ் வேண்டும். லைனைப் போட்டுக் கொடுத்தேன். அவர் தொண்டை கிழியக் கத்தியும் அந்தப் பக்கத்திலிருந்து "ஹலோ? ஹலோ?" மட்டும்தான். பெட்டியில் டெஸ்ட் போனைச் சொருகிக் கேட்டேன். எங்கோ மெஷின் ஓடுகிறது. ஒரு குழந்தை அழுகிறது. யாரோ கிசுகிசுக்கிறார்: "நம்ம செல்வியா? ஐயோ!"

அப்போதுதான் புரிந்தது. வெளி அழைப்புக்குக் கைப்பிடியைச் சுற்றினால் எல்லாப் போனிலும் மணியடிக்கும்; தோட்டமே போனை எடுத்து ஒட்டுக்கேட்கிறது. எடுத்த ஒவ்வொரு போனும் குரலில் ஒரு பங்கைக் குடித்துவிடும். நான் மணியடிக்காமல் டெஸ்ட் செய்ததால்தான் அப்போது ஒருவரும் போனை எடுக்கவில்லை.

"எல்லாரும் போனை வைங்க!" என்று கத்தினேன். டக், டக், டக்.

"நான் பேசவே இல்லையே தம்பி, சும்மா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்றார் ஆயாக்கொட்டகை அக்கா.

"கேட்டாலும் குடிக்கும்க்கா, வைங்க!"

குரல் தெளிந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பியது.

எல்லோரையும் ஒரு பிடி பிடிக்கலாமென்று வெளியே வந்தேன். ஸ்டோர் ஆட்கள் பாதையை அடைத்து நின்ற லோரியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட மோட்டார் சைக்கிளில் பெரிய ரோட்டுக்குப் பறந்தார். செல்வியின் மூத்த பிள்ளை ஆயாக்கொட்டகை அக்காவின் இடுப்பில் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. எல்லாம் போனில் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். திட்ட வந்தது மறந்தே போனது.

மேனேஜரிடம் காரணத்தைச் சொன்னேன். "மத்த போனையெல்லாம் கட் பண்ற மாதிரி சுவிட்ச் போடு" என்றார். சுலபமான வேலைதான், மனசு வரவில்லை. அவரிடம் சொல்லாமல், அதற்குப் பதிலாக ஒவ்வொரு போனிலும் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்தேன். எத்தனை பேர் கேட்டாலும் இனி குரல் அவ்வளவாகக் குறையாது.

மாலையில் தாப்பாவிலிருந்து அழைப்பு. மேனேஜரே எடுத்தார். நான் நின்ற இடத்துக்கே கேட்டது: தாயும் பெண் குழந்தையும் நலம். உடனே கம்பி முழுக்க ஒரு பெரிய "அப்பாடா!"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "என்னா சத்தம் அது?"

"எக்கோ சார். புது லைனுல வரும்."

அவர் ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக் கேட்டார். "சரி, இருக்கட்டும்லா" என்றார்.

அதற்குப் பிறகு எங்கே போன் மாட்டப் போனாலும், அங்கே யார் யாருக்குக் கேட்க வேண்டும் என்று விசாரித்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன்.