ஜெய்னுதீன் படுத்த பிரசவப் பாய்

ரம்ஜான் பீவிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் ஜப்பான்காரன் காலத்துச் சங்கதி ஒன்றை மட்டும் இத்தனை வருடமாக வெளியே விடவில்லை. அந்தமானின் ஜங்லிகாட்டில் அவளுக்கு ஆப்பக்கடை. எதிரே ஜெய்னுதீனின் ஜவுளிக்கடை. ஜப்பான்காரனின் விமானத் தளக் கட்டாய வேலையிலிருந்து தப்பி ஓடி, துரத்தி வந்த சிப்பாய்களை ஏமாற்றித் தான் காட்டில் மறைந்த கதையை அவர் சாயங்காலந்தோறும் கடைவாசலில் அளப்பார். வருடம் ஏற ஏறத் துரத்திய சிப்பாய்களும் பெருகினார்கள். அவள் ஆப்பம் சுட்டபடி சிரித்துக்கொள்வாள்.

அறுபத்திரண்டாம் வருடம் வந்தது வினை. அவள் மகள் லத்தீபாவும் அவர் மகன் ஹபீப் முகம்மதும் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள்.

"ஆப்பக்கடைக்காரி மவளா? மெயின்லாண்டுலேர்ந்து கப்பல்ல பொண்ணு கொண்டாறேன்" என்றார் ஜெய்னுதீன். லத்தீபா சோற்றைத் தொடவில்லை. பெற்ற வயிறு எரிந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் கடைவாசலில் கூட்டம் கூடியதும் ரம்ஜான் பீவி தெருவைக் கடந்தாள்.

"தம்பி, காட்டுல ஒளிஞ்ச கதையச் சொல்லுங்க. விட்டுப்போனா நான் எடுத்துக் கொடுக்கிறேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. காடாவது, மலையாவது! அன்று அவர் ஓடி வந்து நுழைந்தது, லத்தீபாவைப் பெற்று நாற்பது நாள் கழியாமல் ரம்ஜான் பீவி கிடந்த அறைக்குள். சொந்த ஆண்களே கால் வைக்காத இடம். அவள் எழுந்து, தன் புடவையை அவருக்குச் சுற்றி, முக்காடு இட்டு, பாயில் பிள்ளையோடு படுக்க வைத்துவிட்டு மருத்துவச்சிபோல் உட்கார்ந்துகொண்டாள். எட்டிப் பார்த்த சிப்பாய் கூசிப்போய்த் திரும்பிவிட்டான்.

"லாத்தா, பஸ், பஸ்! போதும்! அடுத்த ஜும்மாவே நிச்சயம் வச்சுக்கலாம்" என்றார் ஜெய்னுதீன்.

வென்றுவிட்டோம் என்றுதான் வீடு திரும்பினாள்.

"மாமாவுக்கு நெசமாவே என்னைப் பிடிச்சிருக்கா உம்மா?" என்று லத்தீபா கேட்டாள். மிரட்டி வாங்கிய வீட்டில் மகள் எப்படி வாழ்வாள்? நிக்காஹ் நாள்வரை அந்தப் பயம் ரம்ஜான் பீவியைத் தின்றது.

நிக்காஹ் முடிந்து விருந்து நடக்கையில் ஜெய்னுதீன் எழுந்தார்.

"நான் காட்டுக்கெல்லாம் போகலை. லாத்தா புடவையக் கட்டிக்கிட்டு பிரசவப் பாய்ல படுத்திருந்தேன்."

பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. அவர் கையமர்த்தினார்.

"சிப்பாய் எட்டிப் பார்க்கையில புள்ள அழுதுச்சு. விரலைக் கொடுத்தேன், சப்பிக்கிட்டே தூங்கிடுச்சு. பயத்துல பாயை நனைச்சது அது இல்ல, நான். எனக்கு உசுரு கொடுத்த புள்ளையத்தான் வேணாம்னு சொன்னேன். வா தாயீ, உன் வீட்டுக்கு வா."

ஊரையே சிரிக்க வைக்கும் வாய்க்காரி ரம்ஜான் பீவி, முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள்.