ஆசியா உம்மாள் முகர்ந்து கொடுத்த பாட்டில்

கொல்லைப்புற அறையில் பாட்டில்கள் கலகலவென்று உருண்டன. அடுத்த நொடியே "உவ்வே" என்று யாரோ குமட்டும் சத்தம். அடுப்படியில் கஞ்சிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த ஆசியா உம்மாள் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏ ஆசியா! எங்களக் கொல்லப் பாக்குறியாடி?"

பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் சேலைத் தலைப்பால் மூக்கை அழுத்திப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். அவளுடைய கடைசிப் பெண்ணுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மிக்சர் மருந்து கொடுப்பார்கள், ஆனால் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதற்காக ஒன்று எடுத்துக்கொள்ள வந்தவள், இப்போது ஒரு பழுப்பு நிறப் பாட்டிலைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல் எட்டப் பிடித்திருந்தாள்.

"மூட்டப்பூச்சி மருந்து! வாட கொடலப் பொரட்டுது. இதையா கழுவி அடுக்கி வச்சிருக்க?"

ஆசியா உம்மாள் பாட்டிலை வாங்கி, வழக்கம்போல் கண்ணை மூடி மூக்கருகே பிடித்தாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் இழுத்தாள். வெறும் காற்று.

"என்ன விருத்தா வெளாட்டு? சுத்தமா இருக்கு."

"சுத்தமா? அடுப்புல வெங்காயம் கருகி ஊரே நாறுது, அதுகூடவா ஒனக்குத் தெரியல?"

ஆசியா உம்மாள் திரும்பிப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து கரும்புகை சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணில் எரிந்தது. மூக்குக்கு மட்டும் தெரியவில்லை! பெருநாளுக்கு வாங்கிய அத்தர்க் குப்பியை ஓடிப்போய் எடுத்தாள். மூடியைத் திறந்து மேலுதட்டில் தடவிக்கொண்டாள். மல்லிகை அத்தர். தண்ணீர் தடவியதுபோல் இருந்தது.

"யா அல்லாஹ்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஏன் அப்படி இடிந்துபோனாள் என்று கேட்பவர்களுக்கு ஆசியா உம்மாளைத் தெரியாது என்றுதான் அர்த்தம். பரங்கிப்பேட்டையில் பிறந்து, நூர்முகம்மதுவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கடலூர் முதுநகருக்கு வந்தவள். துறைமுகத்தில் படகுகளுக்கு மூட்டை சுமந்த நூர்முகம்மது, இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு தள்ளுவண்டி வாங்கி, "காலி பாட்டில், பழைய பேப்பர்!" என்று தெருத் தெருவாகக் கூவினார். கொண்டுவந்து கொட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. அடுப்புச் சாம்பலும் மணலும் போட்டுக் குலுக்கி, வெந்நீரில் அலசி, வெயிலில் கவிழ்த்துவைத்து, கடைசியாக ஒவ்வொரு பாட்டிலையும் மூக்கருகே பிடிப்பாள் ஆசியா உம்மாள். அந்த ஒரு மூச்சுதான் தீர்ப்பு. தேன் இருந்ததா, தைலம் இருந்ததா, வார்னிஷ் இருந்ததா என்று சொல்லிவிடுவாள். மதுவிலக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், எந்தப் பெரிய மனிதர் வீட்டுப் பன்னீர் பாட்டிலில் பன்னீர் இருக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத ஒருத்தி, பாட்டில் வாயில் மூக்கை வைத்து ஊரையே சுற்றிவந்தாள்!

பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டுக்குத் தெருவில் ஒரு மரியாதை இருந்தது என்றால் அது அந்த மூக்கினால்தான். "ஆசியா மோந்து குடுத்த பாட்டிலா? அப்ப கைக்கொழந்தைக்கே மருந்து ஊத்தலாம்" என்பார்கள்.

அறுபத்தொன்பது பிறந்த அந்த மார்கழியில்தான் ஊரெங்கும் புளூ காய்ச்சல். ஹாங்காங் காய்ச்சல் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு இரண்டு பேர் போர்வைக்குள் கிடந்தார்கள். ரொட்டிக் கடையில் விடிந்ததும் ரொட்டி தீர்ந்தது. எல்லாருக்கும் மிக்சர் வேண்டியிருந்ததால் ஊரில் காலி பாட்டிலுக்கே பஞ்சம் வந்துவிட்டது. நூர்முகம்மது பாசஞ்சர் வண்டி பிடித்துச் சிதம்பரம் போனார். திருவாதிரைக் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. ஒரு லாட்ஜின் பின்பக்கம் குவிந்துகிடந்ததை மூட்டையாக வாங்கி வந்தார். காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆசியா உம்மாள் தள்ளாடிக்கொண்டே அதை முழுக்கக் கழுவி, முகர்ந்து, அடுக்கினாள்.

முகர்ந்தாளா? அவள் முகர்ந்ததாக நினைத்துக்கொண்டாள். மூட்டை முழுவதும் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, லாட்ஜுக்காரன் நல்லவன் என்றுகூட மனசுக்குள் வாழ்த்தினாள். பாவி மனசு!

"மச்சான், இத மோந்து பாருங்க" என்று, அப்போதுதான் உள்ளே வந்த கணவரிடம் அந்தப் பழுப்புப் பாட்டிலை நீட்டினாள்.

நூர்முகம்மது பலமாக உறிஞ்சினார். "ஒண்ணும் தெரியலியே புள்ள."

"ஒங்க மூக்குல பொடியத் தவிர வேற எது பாய் போயிருக்கு?" என்றாள் விருத்தாம்பாள். "முப்பது வருஷமா அடச்ச மூக்கு. தள்ளுங்க, நானே பாக்குறேன்."

அடுக்கியிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். மற்றவை சரியாக இருந்தன. ஆனால் ஆசியா உம்மாளின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"விருத்தா, இதே மாதிரி இன்னொண்ணு இருந்துச்சு. இதே நெறம், இதே சதுரத் தோளு. நேத்து டைலர் ராஜாமணி வாங்கிட்டுப் போனான்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சத்தம் போடாத" என்றாள் விருத்தாம்பாள். "வெளியில தெரிஞ்சா ஒரு பய ஒங்கிட்ட பாட்டில் வாங்க மாட்டான். பாயோட வண்டியும் தெருவுல நிக்க முடியாது. என்னமோ சாக்குச் சொல்லி மாத்திட்டு வந்துடலாம். நடடி."

ஆசியா உம்மாள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள். மாற்றிக் கொடுக்க ஒரு பாட்டிலையும் உள்ளே மறைத்துக்கொண்டாள். அல்லாஹ்வே, யார் வாயிலும் அது போயிருக்கக் கூடாது!

ராஜாமணி கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பழுப்புப் பாட்டிலா பாயம்மா? அது எங்கிட்ட இல்லியே. ஆஸ்பத்திரி வரிசையில நம்ம தந்தியாபீஸ் தில்லைநாதன் சார் நின்னாரு. ரெண்டு பேருக்கு மருந்து வேணும், பெரிய பாட்டில் குடுன்னாரு. மாத்திக்கிட்டோம். ஏன், என்னா விசயம்?"

"ஒண்ணுமில்ல, அது எங்க ஊட்டுத் தேன் பாட்டிலு, தவறிப்போயி வந்துடுச்சி" என்றாள் விருத்தாம்பாள். பொய் அவளுக்குச் சுலபமாக வரும்.

தில்லைநாதனா! ஆசியா உம்மாள் அவன் வீட்டுப் பக்கம் நடையை எட்டிப்போட்டாள். சிதம்பரத்திலிருந்து மாற்றலாகி வந்த சின்ன வயசுக்காரன். மனைவி மலர்க்கொடி வாயும் வயிறுமாக இருப்பவள். ரெண்டு பேருக்கு மருந்து என்றானே. அந்த இரண்டாவது ஆள் அவள்தானே? அவள் வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால்...

தில்லைநாதன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வேப்பிலை செருகியிருந்தது. விருத்தாம்பாள் படபடவென்று தட்டினாள்.

"யாரு? யாராருந்தாலும் நாலு நாள் கழிச்சு வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஊட்ல முடியாதவ இருக்கா. வெளியாளுங்கள உள்ள விடறதில்ல."

"தம்பி, நான்தான், பாட்டில்காரம்மா. ஒங்க மிக்சர் பாட்டில மாத்திட்டுப் போவலாம்னு வந்தேன்."

"இப்ப எதுக்கு பாயம்மா மாத்தணும்? நல்லாத்தான் இருக்கு."

"அது எங்க ஊட்டுத் தேன் பாட்டிலு சார்" என்று விருத்தாம்பாள் ஆரம்பித்தாள்.

"தேன் பாட்டிலுக்கா இந்தக் காய்ச்சல்ல தெருத் தெருவா சுத்துறீங்க? தெருவுல பாதிப் பேரு படுத்துட்டான். போயிட்டு அப்புறமா வாங்கம்மா."

"மிக்சர ஒரு தடவ மோந்தாவது பாருங்க தம்பி!"

உள்ளே பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. "பாத்துட்டேன். ஒரு வாசனையும் இல்ல. மலரு, எழுந்திரு, ஒரு வா குடிச்சிட்டுப் படுத்துக்க."

ஒரு வாசனையும் இல்லையாமே! ஆசியா உம்மாளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இவனுக்கும் போய்விட்டது. தனக்குப் போனதுபோலவே!

இனி சாக்குப் போக்குக்கு நேரம் இல்லை. உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷத்துப் பேரும் இந்தத் தெருவிலேயே மண்ணாகிவிடும். சொல்லாவிட்டால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வாயைத் திறக்கப் போகிறாள். விருத்தாம்பாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஆசியா உம்மாள் உதறினாள். வாழ்நாளில் தெருவில் குரல் உயர்த்தாதவள், கதவில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு அலறினாள்.

"குடிக்காத மலரு! குடிக்காதம்மா! நான் குடுத்த பாட்டில்ல வெஷம் இருக்கு! மூட்டப்பூச்சி மருந்து! எம் மூக்கு செத்துப்போச்சு, தெரியாம குடுத்துட்டேன். கொட்டிடு தாயீ!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்த ஜன்னலும் திறந்தது. மப்ளரும் ஊசி நூலுமாக ராஜாமணி ஓடிவந்தான்.

தாழ்ப்பாள் விலகியது. தில்லைநாதன் வியர்த்து வழியும் முகத்தோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடியின் கையில் டம்ளர் இருந்தது. நிரம்பி இருந்தது. ஆசியா உம்மாள் பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். சிவப்பு மிக்சர் தரையில் ஓடியது. பாட்டிலை எடுத்து முகர்ந்த விருத்தாம்பாள், "இதே வாடதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ எதுவும் குடிச்சியாம்மா?" என்று கேட்டாள் ஆசியா உம்மாள்.

"இல்லக்கா" என்றாள் மலர்க்கொடி, சளியில் மூக்கடைத்த குரலில். "மொதல்ல நீங்க குடிங்க, ஒத்துக்கிட்டா நான் குடிக்கிறேன்னு சொன்னேன். இவருதான் நேத்துலேர்ந்து ரெண்டு வேள குடிச்சாரு."

"வயித்தப் பொரட்டிச்சு, வாயெல்லாம் தண்ணியா ஊறுது" என்றான் தில்லைநாதன். "காய்ச்சல்லதான் அப்பிடி இருக்குன்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே சுவரில் சரிந்தான்.

ராஜாமணி ஜட்கா வண்டி கூட்டிவந்தான். தில்லைநாதனைத் தாங்கி ஏற்றினார்கள். வண்டி போன பிறகும் தெரு கலையவில்லை. எல்லாரும் ஆசியா உம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல் எறிவார்களோ, காறித் துப்புவார்களோ என்று அவள் துப்பட்டிக்குள் ஒடுங்கினாள்.

ராஜாமணிதான் முதலில் வாயைத் திறந்தான். "பாயம்மா, மூக்கு செத்துப்போச்சுன்னீங்களே, அது எப்பிடி? ஏன்னா எனக்கும்..." என்று தலையைச் சொறிந்தான். "நாலு நாளா கொழம்புல வாசனையே இல்லன்னு பொண்டாட்டிய உண்டு இல்லன்னு பண்ணிட்டேன்."

"எங்க ஊட்லயும் காப்பித்தூள்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போனாரு" என்றது எதிர்ஜன்னல்.

"நெத்திலி கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியவே இல்ல. ஊடே மூக்கப் பிடிச்சுது."

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காய்ச்சல் விட்டும் வாசனை திரும்பாதவர்கள் அந்தத் தெருவில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் கடைக்காரனையும் கட்டினவளையும் பழித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். சொந்த மூக்கை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. இது என்ன காய்ச்சல், மூக்குக்குள் புகுந்து எதைத் திருடிக்கொண்டு போகிறது என்று ஆசியா உம்மாளுக்கு அந்த வேதனையிலும் யோசனை ஓடியது.

ஆனாலும் அன்றைக்குப் பிறகு பாட்டில் கேட்டு ஒருவரும் வரவில்லை. நூர்முகம்மது வண்டியை எடுக்கவில்லை. ஆசியா உம்மாள் கொல்லைப்புற அறைக் கதவைத் திறக்கவேயில்லை. தில்லைநாதன் பிழைத்துக்கொண்டான் என்று விருத்தாம்பாள் வந்து சொன்னபோது மட்டும் முழந்தாளிட்டு அழுதாள்.

ஒரு சாயங்காலம் அவனே வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாசலில் எட்டவே நின்றான். திட்டத்தான் வந்திருக்கிறான் என்று ஆசியா உம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நூர்முகம்மது நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை.

"மலருக்கு இருமல் விடல பாயம்மா. மிக்சர் வாங்கணும். ஒரு பாட்டில் வேணும்."

"எங்கிட்டயா கேக்குற தம்பி?"

"வேற யாருகிட்டயும் இல்லியே."

"எங் கையால இனிமே குடுக்க மாட்டேன். இன்னும் எனக்கு மோப்பம் வரல. வருமான்னும் தெரியல."

தில்லைநாதன் படியேறி வந்தான். "மலருக்கு இருமல்தான். அன்னிக்கு சளியில அடச்சிருந்த மூக்கு இப்ப தொறந்துடுச்சு. பக்கத்து ஊட்ல என்னா தாளிக்கிறாங்கன்னு படுக்கையிலேருந்தே சொல்றா. அவ மோந்து பாத்துச் சொல்லட்டும்."

"எம் மேல கோவம் இல்லியா?"

"இருக்கு" என்றான் அவன் நேராகப் பார்த்து. "ரெண்டு நாள் கொடல வாரிப் போட்டுச்சே, எப்பிடி இல்லாம இருக்கும்? ஆனா அன்னிக்கு நீங்க தேன் பாட்டிலுன்னே சொல்லிட்டு நின்னிருந்தா நான் கதவத் தொறந்திருக்க மாட்டேன்."

ஆசியா உம்மாள் உள்ளே போனாள். கொல்லைப்புற அறையைத் திறந்து, ஒரு வெள்ளைப் பாட்டிலை எடுத்து வந்தாள். பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோன கையைப் பாதியில் நிறுத்தி, அவனிடம் நீட்டினாள்.

"நல்லா மோந்து பாக்கச் சொல்லு. துளி சந்தேகம் இருந்தாலும் ஒடச்சிப் போட்டுடு. முன்ன அதுல என்னா இருந்துச்சுன்னு அவ சொன்னா, எனக்கும் வந்து சொல்லு தம்பி."

"சரி பாயம்மா" என்று அவன் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு படி இறங்கினான். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. தெருமுனையில் அவன் திரும்பி மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, ஆசியா உம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.