கோல் போடாத பொண்ணு

நெட்பால் ஆடுகிறவளுக்கு ஆடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, அப்படி ஒரு ஆட்டம் இருக்கிறது என்று ஊரை நம்பவைப்பது. த்ரோபால், ஹேண்ட்பால், கோ-கோ என்று எதையாவது ஆடிவிட்டு வந்து "அதுல என்னடி கிடைக்குது?" என்று வீட்டில் திட்டு வாங்கும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கர்நாடக அணிக்கு வருஷக்கணக்காக ஆடுகிறேன். ஆசை ஒன்றே ஒன்றுதான்: இந்தியா என்று எழுதிய உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மேட்ச். இரண்டு முறை செலக்‌ஷன் வரை போய், வெறும் கையோடு ரயிலேறி வந்தாயிற்று. மூன்றாவது தடவைக்கு முன்னால் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொன்னார்: "முட்டி போயிடுச்சு, வயசும் போகுது. இதுல வரலைன்னா பேசாம சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்துடு."

பலகை எங்கே?

ஆஸ்டின் டவுனில் எங்கள் சர்ச் காம்பவுண்டில்தான் காலைப் பயிற்சி. ஒரு கம்பம், உச்சியில் ஒரு வளையம், அவ்வளவுதான். பாஸ்கெட்பாலுக்கு இருப்பதுபோல் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. பந்தை வைத்துக்கொண்டு ஓடவும் கூடாது; பிடித்த இடத்திலேயே நின்று அடுத்தவளுக்குப் போட வேண்டும். அடுகோடி ஏரியாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு செல்வராஜ் அங்கிள், வாக்கிங் போகும்போதெல்லாம் அந்த மொட்டை வளையத்தைப் பார்த்து மனசு கேட்காமல் தவித்திருக்கிறார்.

ஒரு நாள் போய்ப் பார்த்தால், வளையத்துக்குப் பின்னால் தகரப் பலகை ஒன்று வெல்டிங் அடித்து, வெள்ளை பெயின்ட் எல்லாம் பூசி ஜம்மென்று நிற்கிறது. பக்கத்தில் அங்கிள், கையைக் கட்டிக்கொண்டு, பாராட்டுக்காகக் காத்திருக்கிறார். விஷயத்தை மெதுவாக எடுத்துச் சொன்னேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பலகையும் வேணாம், பந்தை எடுத்துக்கிட்டு ஓடவும் கூடாதுன்னா, அப்புறம் எதுக்கும்மா காலங்காத்தால ஷூவை மாட்டிக்கிட்டு வர்றே?"

பெண் பார்க்க வந்தார்கள்

கேஜிஎஃப்பிலிருந்து, எங்கள் பூர்வீக ஊர்க்காரர்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஷோகேஸில் இருந்த என் கோப்பைகளை எல்லாம் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்டார், "நம்ம ஸ்டேட்டுக்கு எத்தனை கோல் போட்டிருக்கேம்மா?"

நான் கோல் கீப்பர். எங்கள் ஆட்டத்தில் ஒரு டீமில் இரண்டு பேர்தான் கோல் போடலாம். மற்றவள் போட்டால் செல்லாது. என் வேலை, எதிராளி போடும்போது மூன்றடி தள்ளி நின்று, கையை நீட்டி மறிப்பது. அதனால் உள்ளதைச் சொன்னேன்: "ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி." மாப்பிள்ளை கப்பென்று சமோசாவை வாயில் போட்டுக்கொண்டான். "கோல் போடாத பொண்ணுக்கு எதுக்கு சிஸ்டர் இத்தனை கப்பு?" என்று ஆன்ட்டி என் அம்மாவைக் கேட்டுவிட்டுக் கிளம்பினார். கதவைச் சாத்தியதும் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பத்து போட்டேன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்னடி, வந்து எண்ணவா போறாங்க?"

பாஷா பாயின் பலமான தையல்

எங்கள் உடுப்பில் முன்னாலும் பின்னாலும் எழுத்து இருக்கும். யார் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். என்னுடையது ஜி.கே. ஆட்டத்தின் நடுவே இடம் மாறினால் எழுத்தையும் மாற்ற வேண்டும். அதற்காக வெல்க்ரோவில் ஒட்டி வைத்திருப்போம், இழுத்தால் வந்துவிடும். செலக்‌ஷனுக்கு முன்னால் என் வெல்க்ரோ பட்டை பிய்ந்து தொங்கியது. சிவாஜிநகரில் பாஷா பாயிடம் கொடுத்து, "இதைச் சரி பண்ணிக் கொடுங்க பாய், இந்தியா டீம் செலக்‌ஷன், ரொம்ப முக்கியம்" என்றேன். முக்கியம் என்று சொன்னதுதான் வினை. மறுநாள் மடித்த உடுப்பைக் கையில் கொடுத்தார். நானும் பிரித்துப் பார்க்காமல் பையில் திணித்தேன்.

"கவலையே படாதே பேட்டா, சுத்தி ரெண்டு தையல் ஓட்டியிருக்கேன், பக்கா, இனிமே ஜென்மத்துக்கும் விழாது."

வராத எழுத்து

கோச்சின் திட்டம் இதுதான்: பாதி ஆட்டம் நான் கோல் கீப்பர், மீதிப் பாதி விங் டிஃபென்ஸ். இரண்டு இடமும் தெரிந்தவளைத்தான் எடுப்பார்கள். இடைவேளையில் "எழுத்தை மாத்து" என்றார். இழுத்தேன். வரவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். உடுப்போடு நானும் வந்தேனே தவிர எழுத்து வரவில்லை. பல்லால்கூடக் கடித்துப் பார்த்தேன். "ஏனே இது!" என்று கோச் கன்னடத்தில் கத்துகிறார். கத்தரிக்கோல் இல்லை, மாற்று உடுப்பு ஹாஸ்டலில். விசில் அடித்தாயிற்று.

போச்சு, எல்லாம் போச்சு என்று பழைய இடத்துக்கே போய் நின்றேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை எல்லாம் எதிரே நின்ற பனைமரம் உயரத்து ஷூட்டர் மேல் காட்டினேன். வருகிற பந்தை எல்லாம் எட்டித் தட்டினேன். சாயங்காலம் பெயர் வாசித்தார்கள். என் பெயரைக் கேட்டதும் முட்டி வலியை மறந்து தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தமிழ் தெரிந்த செலக்டர் மேடம் வந்து முதுகில் தட்டினார்.

"எல்லாரும் அங்கேயும் இங்கேயும் மாறிக்கிட்டே இருந்தாங்க, நீ ஒருத்திதான் பிடிவாதமா உன் இடத்தை விட்டுக்கொடுக்கலை!"

இந்தியா உடுப்பில்

வெளிநாட்டில் முதல் மேட்ச். எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். கடைசிக் கால்பகுதியில் என்னை இறக்கினார்கள். அதுவரை நின்ற இடத்திலிருந்து கோலாகக் குவித்த அவர்களுடைய நெட்டை ஷூட்டர் பெண், நான் வந்த பிறகு தவித்துப்போனாள். தோற்றோம், எனக்கு மட்டும் ஜெயித்த மாதிரி இருந்தது.

அம்மா முழு ஆட்டத்தையும் செல்போனில் பார்த்திருக்கிறார், வாழ்க்கையில் முதல் தடவையாக. போன் போட்டேன். எடுத்ததும் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஆஹா, அம்மாவே அழுகிறார், இதற்காகத்தானே இத்தனை வருஷம் என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"பாவம்டி அந்த வளர்ந்த பொண்ணு, நீ வந்தப்புறம் ஒரு கோலாவது போட விட்டிருக்கக் கூடாதா, அவ அம்மாவும் பார்த்துக்கிட்டுதானே இருந்திருப்பா?"

நாட்டுக்காக ஆடும் இடத்தைக்கூட ஒருவழியாகப் பிடித்துவிடலாம் போலிருக்கிறது, பெற்ற அம்மாவை நம் கட்சியில் சேர்ப்பதற்குத்தான் இன்னும் எந்த செலக்‌ஷனும் வைக்கவில்லை.