பிடித்த பந்தை மேலே எறிந்தேன்

எழுபதுகளின் நடுப்பகுதியில் கிளேட்டன் என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் ஒரு பேஸ்பால் மைதானம். குளிர்காலத்தில் கிரிக்கெட் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் சோறு தின்றுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். அப்படித்தான் வேலியோரம் போய் நிற்கத் தொடங்கினேன். என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த மதராஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். தேநீர் ஃபிளாஸ்கோடு என் மனைவியும் வந்து சேர்ந்தாள்.

இரண்டு குளிர்காலத்துக்குள் மூன்று பேரும் பெரிய நிபுணர்களாகிவிட்டோம். யார் மாநில அணிக்குப் போவான், யாரை அமெரிக்காக்காரன் கொத்திக்கொண்டு போவான் என்று குசினியில் வெங்காயம் உரித்தபடியே தீர்ப்பு வழங்குவோம். நடுவில் நல்ல மீன் எங்கே கிடைக்கும், ஹீட்டரை எப்போது அணைப்பது என்பதெல்லாம் வந்து போகும். பேச்சு திரும்ப ஆட்டத்துக்கே வரும்.

மதராஸ்காரருக்கு வேறொரு அணியின் நெட்டையன்மேல் பைத்தியம். என் மனைவியின் கட்சி எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். கராஜில் மெக்கானிக், இடக்கையால் பந்து எறிவான். நாங்கள் வந்த புதிதில் ஹீட்டர் பற்றாமல் நடுங்கிக்கொண்டிருந்தபோது, வந்து பற்றவைத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனவன். அதற்காகவா அவனை அணியில் எடுக்கச் சொல்கிறீர்கள் என்று மதராஸ்காரர் சீண்டுவார்.

“ஓம், அதுக்கும் சேர்த்துத்தான்” என்பாள்.

சின்னக் கழகம் என்பதால் தேர்வாளர்கள் யாரும் அவனை எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருடமும் பார்க்காவிட்டால் ஆட்டத்தை விட்டுவிடப் போகிறேன் என்று ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மாநில அணியின் தேர்வாளர் ஒருவர் வந்தேவிட்டார். அன்றைக்கென்று பார்த்து அவன் அணியில் பாதிப்பேருக்குக் காய்ச்சல். எட்டுப் பேர்தான் நின்றார்கள். ஒன்பதாவது ஆள் இல்லையென்றால் ஆட்டமே இல்லை. வந்தவர் பார்க்காமலே திரும்பிவிடுவார். அணித்தலைவர் வேலியோரம் வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மதராஸ்காரருக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது. நான் இரவல் கையுறையோடு உள்ளே போனேன்.

பந்து அதிகம் வராத வலப்பக்கக் கோடியில் என்னை நிறுத்தினார்கள். கடைசிச் சுற்றுவரை பெரிய சேதமில்லை. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். எதிரணியில் ஒருவன் ஆட்டமிழந்திருந்தான். இரண்டு பேர் இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் நின்றார்கள். அப்போது பந்து உயரமாக எழும்பி என்னை நோக்கி வந்தது.

ஓடினேன். பிடித்தேன். சந்தோஷம் தாங்க முடியாமல் பந்தை வானத்துக்கு எறிந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கிரிக்கெட்டில் பிடித்தால் முடிந்தது. பேஸ்பாலில் பிடித்த பிறகும் பந்து உயிரோடுதான் இருக்கும், நிற்கிறவர்கள் ஓடலாம். இந்த விதியை மதராஸ்காரருக்கு விளக்கிச் சொன்னவனே நான்தான். ஆனால் என் கைகளுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? பந்து எங்கேயோ விழுந்து உருண்டது. இரண்டு பேரும் ஓடி ஹோம் பேஸைத் தொட்டு ஆளுக்கொரு ஓட்டம் எடுத்தார்கள். நாங்கள் ஒரு ஓட்டம் பின்னால்.

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டத்தைச் சற்று நிறுத்தச் சொல்லி நடுவரிடம் கையைக் காட்டிவிட்டு, அவ்வளவு தூரமும் என்னிடம் நடந்து வந்தான். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். நல்ல கேட்ச் என்றான். மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அடுத்து வந்தவனால் அவனுடைய ஒரு பந்தைக்கூடத் தொட முடியவில்லை. ஆனாலும் பிறகு எங்கள் முறை வந்தபோது யாரும் ஓட்டம் எடுக்கவில்லை. தோற்றோம்.

யார் முகத்தையும் பார்க்காமல் வேலியைத் தாண்டப் போனேன். அந்தப் பக்கம் தேர்வாளர் பக்கத்து வீட்டுக்காரனோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். அவனுடைய வாய்ப்பை நானே மண்ணாக்கிவிட்டேன், இப்போது ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். அதை மனைவியிடம் சொன்னேன்.

ஆட்டம் முழுக்கத் தேர்வாளருக்குப் பக்கத்தில் நின்று தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் அவள்.

“அழாதேங்கோ. அவனை எடுத்தாச்சு” என்றாள். “எறியிறதில வேகம் காணாதெண்டு சொல்லிப்போட்டு, நீங்கள் பந்தைப் பிடிக்க முன்னமே அந்தாள் போறதுக்குக் கார்த் திறப்பைக் கையில எடுத்திட்டார். உங்கட கூத்தைக் கண்டிட்டு, இனி எறியிறவன் என்ன செய்யிறான் பாப்பம் எண்டுதான் திரும்பி நிண்டவர்.”