கடைசி நாளைச் சொன்னவள்

பாகூர் கடைத்தெருவில் கைபேசி விற்கும் பாய் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஆண்ட்ராய்டா, ஐபோனாம்மா?"

விண்ணப்பத்தில் 'பொருந்தாததை அடிக்கவும்' என்று இருந்தால் எதை அடிப்பது என்று கேட்க, இன்றைக்கும் ஊரில் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குக் கெடு சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள் நான். அப்படிப்பட்டவள் இரண்டில் ஒன்றைச் சொல்லத் தெரியாமல் நின்றேன். பாய் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்கு இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சோப்புக்கட்டிகளாகவே தெரிந்தன.

"வெளிய ஒண்ணுதாம்மா. உள்ள ஓடுறதுதான் வேற. ஒரு தடவ ஐபோன் பக்கம் போய்ட்டீங்கன்னா திரும்பி வர்றது ரோதன. போட்டோ, நம்பரு எல்லாம் அங்கியே செட்டாயிடும். நெதானமா யோசிங்க. பழச குடுத்துட்டு புதுசு வாங்குற ஆஃபரு இன்னும் பத்து நாளு இருக்கு."

"ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டால்?"

"ஒண்ணும் ஆவாது. இருக்குற பக்கமே இருப்பீங்க."

அந்த வசதி எங்கள் பெரியப்பாவுக்கு இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போய் எட்டு வருடம் கழித்துத்தான் கையெழுத்து, முத்திரை எல்லாம் முடிந்து புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதுவரை பிரெஞ்சுக் குடிகளாக இருந்தவர்கள் அன்றிலிருந்து இந்தியக் குடிகள். அப்படி வேண்டாம், பிரெஞ்சாகவே இருந்துகொள்கிறேன் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒப்சியோன் எழுதுவது என்று பெயர். இருந்தபடியே இருக்க விரும்புகிறவன் பாண்டிவரை போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மாறச் சம்மதிக்கிறவன் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பின்னாளில் எத்தனையோ விசித்திரமான விதிகளை நானே அமல்படுத்தியிருக்கிறேன். இதற்கு ஈடான ஒன்றைப் பார்த்ததில்லை.

சோரியாங்குப்பத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீடு, ஒரே உலை. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். பட்டாளத்துக்காரனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஒரு தகரப்பெட்டி, மாதா மாதம் வரும் பென்ஷன், மடங்காத ஒரு முழங்கால், இவற்றோடு திரும்பி வந்தவர். அவரோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஒப்சியோன் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா என்ன செய்வார் என்பதுதான் அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த கேள்வி. அவர் எழுதினால் அது அவரோடு முடியாது. பதினெட்டு வயது ஆகாத, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும் தகப்பன் எழுதியதுதான் சட்டம். பெரியப்பாவுக்கு இருந்தது ஒரே மகள், எங்கள் அக்கா. அவளுக்குப் பதினாறு வயது. எனக்கு எட்டு.

கேள்வி தொங்கியது என்றேனே தவிர, யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் நடக்க வேண்டாம் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பேச்சை எடுக்காமல் இருந்துவிடுவார்கள். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே முறத்தில் அரிசி புடைத்தபடி உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். அப்பா பெரியப்பாவிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் மேட்டுக்காணி முழுவதும் கரும்பு நட்டார். கரும்பு வெட்டுக்கு வர ஒரு வருடம் ஆகும். அந்தக் கரும்புதான் அப்பா தாக்கல் செய்த மனு என்று இப்போது தோன்றுகிறது. பெரியப்பாவும் அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தினமும் காலை நொண்டி நொண்டிப் போய் அதற்குத் தண்ணீர் கட்டினார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தப்பாகத் தெரிந்தது. ஒப்சியோன் எழுத வேண்டுமென்றால் முதலில் மேரியிடமிருந்து பிறப்புக் காகிதம் வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம். எனக்கு அது ஒரு பெண்பிள்ளை. "மேரிக்குப் போய்ட்டு வரேன்" என்று பெரியப்பா சொல்லும்போதெல்லாம், அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் பெரியம்மாவின் பொறுமையை வியந்திருக்கிறேன். ஒருநாள் காகிதம் வந்துவிட்டது. அதைத் தகரப்பெட்டியின் அடியில் போட்டு, மேலே பட்டாளத்துக் கம்பளியையும் போட்டுப் பெரியப்பா மூடிவிட்டார். அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்கவில்லை.

என்னுடைய இன்னொரு தப்பு, வீட்டுக்கு ஒரு கையெழுத்து என்று நினைத்தது. ஒரே உலை, ஒரே கிணறு, ஒரே தகரப்பெட்டி. பெரியப்பா எழுதினால் அதில் அப்பா, அம்மா, நான், இரண்டு எருமைகள் எல்லோரும் அடக்கம் என்பது என் கணக்கு. அக்கா எங்கே போனாலும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே போனவள். எட்டு வயதிலும் வாய்க்கால் வந்தால் தூக்குவாள். அவள் இல்லாத இடம் என்று ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாததால், அதைப்பற்றிய பயமும் இருக்கவில்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் அக்கா என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"உனுக்குக் கழித்தல் கணக்கு வருதா இன்னாடி?"

"கடன் வாங்கிக் கழிக்கிறதே வரும்."

"அவ்ளோ வேணாம். ஒப்சியோனுக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குன்னு எண்ணிக்கினு வா. தெனமும் கேப்பேன். என்கிட்ட மட்டும் சொல்லு."

கொட்டகைச் சுவரில் கரியால் முப்பத்தொரு கோடு போட்டேன். தினமும் காலையில் ஒன்றை எச்சில் தொட்டு அழித்தேன். தலை பின்னிவிடும்போது அக்கா குனிந்து என் காதில் கேட்பாள். "இன்னும் எத்தினி நாளுடி?" இருபத்திரண்டு என்பேன். பதினேழு என்பேன். ஒன்பது என்பேன். எண் குறையக் குறைய அவள் முகம் தெளிந்தது. பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள். ஐந்து என்று சொன்ன அன்றைக்கு என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். இவளுக்குத்தான் பிரான்சுக்குப் போக எவ்வளவு ஆசை என்று எனக்குத் தோன்றியது. கப்பல், பூட்ஸ், பெரியப்பா சொல்லும் பஞ்சு மாதிரி விழும் பனி. அவளுக்கு ஆசை என்றால் எனக்கும் ஆசை. ஒரே ஒரு கவலைதான். பெரியப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மறந்துவிட்டாரோ?

சுவரில் இரண்டு கோடு மிச்சமிருந்த காலையில் பாகூரிலிருந்து பெரியப்பாவின் பட்டாளத்துக் கூட்டாளி சைக்கிளில் வந்தார். அவர் எழுதிக் கொடுத்து நான்கு மாதமாகியிருந்தது. பெரியம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னாப்பா, வேலைய முடிச்சிட்டல்ல?"

"ஆச்சி, ஆச்சி. அது அப்பவே ஆச்சி," என்றார் பெரியப்பா, கரும்புக் கொல்லைப் பக்கம் பார்த்தபடி.

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படி வாசலில். தாழ்வாரத்தில் அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பின்னல் முடிந்து ரிப்பன் கட்டியாகிவிட்டது. எல்லோருக்கும் கேட்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் மட்டும்தான் பேசினேன்.

"இல்ல பெரியப்பா, நீ இன்னும் எழுதல. மேரி குடுத்த காயிதம் பொட்டிலயே கெடக்குது. இன்னியோட சேத்து ரெண்டே நாளுதான் இருக்கு. நான் எண்ணிக்கினு வரேன்."

கூட்டாளி டம்ளரைக் கீழே வைத்தார். முதலில் சிரித்தார்.

"சொல்தா வூட்டுல இந்தப் பொண்ணுதான்யா ஒழுங்கா காவல் நிக்குது." பிறகு சிரிப்பு போய்விட்டது. "எங்கிட்டயே பொய் சொல்றியா நீ? பென்ஷன்ல நாளைக்கி ஏதாவது கோளாறுன்னா எவன் வந்து கேப்பான்? உன் தம்பி கேப்பானா? ஏந்திரு. சட்டைய மாட்டு."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஏதாவது சொல்லியிருக்கலாம். வேண்டாம் அண்ணா என்று இரண்டு வார்த்தை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தார். பென்ஷன் போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்கும் இருந்திருக்கும். பேச்சை எடுக்காமலே ஆறு மாதம் இருந்த வீட்டில் அந்த நிமிஷம் பேசுவதற்கு யாருக்கும் பழக்கமில்லை.

தகரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மடங்காத காலை ஒருபக்கமாக நீட்டிச் சைக்கிள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். போகும்போது என் தலையில் கைவைத்தார். சாயங்காலம் பாண்டியிலிருந்து திரும்பியவர் கையில் எனக்கென்று ஒரு பொட்டலம் பிஸ்கோத்து இருந்தது. கடமை தவறாமல் ஞாபகப்படுத்தியதற்கு எனக்குக் கிடைத்த முதல் சன்மானம் அது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் சம்பளமே வாங்கியிருக்கிறேன், அதே வேலைக்கு.

எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும் போய்விடவில்லை. பிரெஞ்சுக் காகிதத்தோடு பாகூரிலேயே வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. பெரியப்பா போனார். மூன்றாம் வருடம், அங்கே ஒரு பட்டாளக் குடியிருப்பில் காவல் வேலை இருப்பதாக அதே கூட்டாளி எழுதினார். பெரியப்பா, பெரியம்மா, அக்கா. அவர்கள் வண்டி ஏறும் வரைக்கும், அப்பா அம்மா என் பெட்டிகளை ஏன் இன்னும் கட்டவில்லை என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபது வருடத்தில் அக்கா நான்கு முறை வந்திருக்கிறாள். கடைசியாக வந்து பதினொரு வருடமாகிறது. கணவர் போய்விட்டார். கண்ணில் நடுப்பகுதி மங்கி, ஓரத்தில்தான் பார்வை இருக்கிறது. அதனால் வீடியோவில் பேசும்போது என்னைப் பார்க்க வேண்டுமென்றால் வேறெங்கோ பார்ப்பாள். பேச்சு மட்டும் சோரியாங்குப்பத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை.

அவளிடம் இருப்பது ஐபோன். பாய் கடையிலிருந்து வந்த அன்றைக்கே அவளிடம் பத்து நாள் கெடுவைச் சொன்னேன். மகன், பழகிய ஆண்ட்ராய்டிலேயே இரு, அதில்தான் எல்லாம் உனக்குக் கைவரும் என்கிறான் என்பதையும் சொன்னேன். எந்தப் போனாக இருந்தாலும் இப்போது பேசுவது போலவே பேசலாம், முகம் இதே முகமாகத்தான் தெரியும் என்று விதிமுறைகளை எடுத்துச் சொன்னேன்.

"எல்லாம் தெரியும்டி. என் பொண்ணும் அதையேதான் சொல்றா. ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருப்பமேன்னு பாத்தேன்."

மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். நான்காம் நாள், "இன்னும் எத்தினி நாளுடி?" என்று அவள் கேட்டபோது, எனக்குக் காதோரம் மூச்சு பட்டதுபோல் இருந்தது.

"அன்றைக்கும் இப்படித்தான் தினமும் கேட்பாய்," என்றேன். "பிரான்சுக்குப் போக அப்படி ஒரு அவசரம் உனக்கு."

திரையைப் பார்த்தேன். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறதுக்கா எண்ணுனேன்? அந்த நாளு எப்படா போய்த் தொலையும்னு எண்ணிக்கினு இருந்தேன்டி. ரெண்டு நாளு தாண்டியிருந்தா நான் இங்க ஏன் இருக்கப்போறேன்?"

அறுபது வருடம் அவள் இதைச் சொல்லவில்லை. நான்கு முறை வந்தபோதும் சொல்லவில்லை.

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாமலா பொட்டிய தொறக்காம இருந்தாரு?" என்றாள். பிறகு, "வுடு. கொழந்த நீ. இப்ப நெசமா வரட்டும்னுதான் எண்ணுறேன். எத்தினி நாளு சொல்லு."

"ஆறு."

ஆறு நாள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே பாகூர் போனேன். பாய், "யோசிச்சீங்களாம்மா? திரும்பி வர முடியாது," என்று கடமைக்கு ஒருமுறை சொன்னார். அந்தப் பக்கம் போகிறேன் என்றேன். உள்ளே நுழைவதற்கு முன் அந்தப் போன் ஏகப்பட்ட பக்கங்களுக்கு விதிமுறைகளைக் காட்டிச் சம்மதமா என்று கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றையும் படிக்காமல் சம்மதம் என்று தொட்டேன்.

படிக்க வேண்டிய காலத்தில் நான் படித்தது சுவரில் இருந்த கோடுகளை மட்டும்தான்.

அன்றைக்குக் காலையில் பெரியப்பா சைக்கிள் பின்னால் ஏறிப் போன பிறகு, அக்கா என் முடியைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னொரு பக்கத்தைப் பின்னவில்லை. பள்ளிக்கூட மணி அடித்துவிடுமே என்று நான் ஒரு பக்கம் ரிப்பனும் ஒரு பக்கம் அவிழ்ந்த முடியுமாக ஓடினேன். வழியெல்லாம் கேட்டவர்களுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனேன்:

"எங்க அக்காவுக்கு சந்தோஷத்துல இன்னொரு ஜடையே மறந்துபோச்சி."